அடுத்த ஊர் வரைக்கும்

வெளிநாட்டு மலைகளில் தனியாக நடக்க ஆசைப்படுகிறவர்கள் எந்த மலை, எவ்வளவு உயரம், எத்தனை கிலோமீட்டர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு. சாயங்காலம் எந்த ஊரில் போய் இறங்குவீர்கள்? அங்கே உங்களை யார் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார்கள்? பகல் முழுக்க ஆளே இல்லாத மலையில் நடந்துவிடலாம். இருட்டுகிற நேரத்துக்கு ஓர் அடுப்படி வேண்டும். முதன்முறை தனியாகக் கிளம்புகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படிப்பட்ட பாதை ஒன்று ஜார்ஜியா நாட்டில் இருக்கிறது. காக்கசஸ் மலைத்தொடரின் ஸ்வானெட்டிப் பகுதியில் மெஸ்டியா என்ற சிற்றூரிலிருந்து உஷ்குலி வரை, ஏறக்குறைய 55 கிலோமீட்டர். வழக்கமாக நான்கு நாளில் நடப்பார்கள். ஜபேஷி, அடிஷி, இப்ராலி என்று ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரு கிராமம். ஒவ்வொரு கிராமத்திலும் படுக்கையும் சாப்பாடும் தரும் வீடுகள். கூடாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம், அரிசி பருப்பு சுமக்க வேண்டாம். முதுகுப்பை ஏழெட்டுக் கிலோவுக்குள் அடங்கிவிடும். அந்த எடைக்குள் நல்ல மழைச்சட்டை, ஒரு கம்பளிச்சட்டை, மாற்று உடை, மருந்து, பவர் பேங்க், தண்ணீர் எல்லாம் வந்துவிட வேண்டும். பணத்தை மெஸ்டியாவிலேயே சில்லறை நோட்டுகளாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். அமீரகத்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஜார்ஜியா புதிதல்ல. பெருநாள் விடுமுறை வந்தால் தலைநகர் திபிலிசியின் தெருக்களில் தமிழ் காதில் விழும். பெரும்பாலானவர்கள் திபிலிசி, குடௌரி, கஸ்பெகி என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஸ்வானெட்டி தள்ளி இருக்கிறது. திபிலிசியிலிருந்து ரயிலில் சுக்திதி என்ற ஊர், அங்கிருந்து மார்ஷ்ருட்கா எனப்படும் மினி வேனில் மெஸ்டியா. வழியில் எங்குரி அணை வரும். 271.5 மீட்டர் உயரம், வில்போல் வளைந்த சுவர். அந்த எங்குரி ஆற்றின் கரையை ஒட்டியே வேன் ஏறும். பாதையின் கடைசியில் இருக்கும் உஷ்குலிக்கு மேலேதான் அந்த ஆறு பிறக்கிறது.

கிளம்பும் முன் அலுவலகத் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, தனியா போறீங்களே, பயமா இருக்காதா?"

"இருக்கும்பா," என்றேன். "எதுக்கு எவ்வளவு பயப்படணும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அந்தப் பாதையில் பயப்பட வேண்டியவற்றை வரிசைப்படுத்தினால், முதலில் ஆறு. அடுத்தது பிற்பகல் இடி மின்னல். அப்புறம் ஆட்டுக்கிடை நாய்கள். மனிதர்கள் பட்டியலின் அடியில்தான் வருகிறார்கள். ஒரு பெண் தனியாக நடக்கும்போது ஊரில் எல்லாரும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துத்தான் பேசுகிறார்கள். மனிதர்களைப் பற்றி எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கவலையில் மூழ்கி ஆற்றைப் பற்றி விசாரிக்காமல் போய்விடுவதுதான் ஆபத்து.

மெஸ்டியாவில் ஒரு பகலையாவது அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். எளிதில் எட்ட முடியாத மலை என்பதால் போர்க்காலங்களில் ஜார்ஜியாவின் தேவாலயச் செல்வங்களை ஸ்வானெட்டிக்குக் கொண்டுவந்து ஒளித்து வைத்தார்கள். ஊரார் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்தார்கள். அங்கே இருக்கும் அடிஷி நற்செய்திச் சுவடி 897-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தத் தோல் ஏடுகளையும், வடிவான பழைய எழுத்தையும் பார்த்துவிட்டு, இந்தப் பெயருள்ள ஊரில் நாம் போய்ப் படுக்கப்போகிறோம் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடிஷி அவ்வளவு சின்ன ஊர்.

முதல் நாள் நடை எளிது. மெஸ்டியாவை விட்டு ஏறி ஒரு மலைத்தோளைக் கடந்தால் முல்குரா ஆற்றின் பள்ளத்தாக்கு விரிகிறது. திரும்பிப் பார்த்தால் உஷ்பாவின் இரட்டைச் சிகரம். எதிரே டெட்னுல்டி, 4,858 மீட்டர், வெள்ளைக் கூம்பாக நிற்கிறது. கீழே கிராமம் கிராமமாகக் கற்கோபுரங்கள். ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று எழுப்பிக்கொண்டவை அவை. பெரும்பாலும் 9 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்டவை. மூன்று முதல் ஐந்து தளம். மேலே போகப் போகச் சுவரின் கனம் குறையும். படையெடுத்து வந்தவர்களிடமிருந்து மட்டுமல்ல, பழிக்குப் பழி என்று அலைந்த பக்கத்து வீட்டாரிடமிருந்தும் தப்பிக்க அவை தேவைப்பட்டன. சண்டை என்றால் குடும்பம் உள்ளே ஏறி, ஏணியை மேலே இழுத்துக்கொள்ளும். இன்று அதே கோபுரத்தின் அடியில் பசு கட்டியிருக்கிறது, பக்கத்தில் ஒருவர் உருளைக்கிழங்குச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பாதையில் ஒரு செடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, குடை விரித்த மாதிரி வெள்ளைப் பூக்களோடு ஓடையோரம் நிற்கும். தண்டு விரல் கனத்துக்கும் மேலே இருக்கும். படம் எடுக்க ஆசையாக இருக்கும். அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் தீக்காயம்போல் கொப்புளிக்கும். முழுக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கையால் விலக்காமல் கோலால் விலக்குங்கள். கூட ஆள் இருந்தால் ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் கவனிப்பார். தனியாளுக்கு அந்த இரண்டாவது கண் கிடையாது. முன்னாடியே தெரிந்து வைத்திருப்பதுதான் ஒரே வழி.

ஜபேஷியில் நான் தங்கிய வீட்டில் பக்கத்து அறையில் ஒரு நண்பர் கூட்டம் இருந்தது. அவர்கள் மேசையில் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிச் சாப்பிட்டார்கள். நான் தனியாக நிற்பதைப் பார்த்த வீட்டுக்கார அம்மா அடுப்படியைக் கை காட்டினார். உள்ளே போனதும் ஒரு முக்காலியைத் தள்ளினார். தனியாக நடப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய பேறு இது, ஒவ்வொரு ஊரிலும் கிடைத்தது. கூட்டமாக வந்தவர்களுக்கு மேசை, தனியாக வந்தவருக்கு அடுப்படி.

அங்கேதான் ஸ்வானெட்டி உப்பு இடிப்பதைப் பார்த்தேன். தொடை இடுக்கில் மர உரலை வைத்துக்கொண்டு, முதலில் பூண்டும் கல்லுப்பும் போட்டு இடித்தார். பூண்டு குழைந்து உப்பு ஈரமானதும் கொத்தமல்லி விதை, அந்த ஊர் வெந்தயத்தின் பொடி, காட்டுச் சீரகம்போல் ஒன்று, காய்ந்த மிளகாய், கடைசியாக உலர்ந்த துலுக்கச் சாமந்தி இதழ்ப்பொடி. அவர்கள் வெந்தயம் நம்முடையதின் பங்காளி. பூ நீலமாக இருக்கும், கசப்பு குறைவு. சாமந்தி சேர்ந்ததும் உரலில் இருந்தது மஞ்சளாக மாறியது. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பூண்டின் காரம் முதலில், வெந்தயத்தின் மணம் பின்னால். நான் உரலை வாங்கி இடித்துக் கொடுத்தேன். இடிக்கும் கையைப் பார்த்துவிட்டு அவர் மருமகளிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள்: "உங்கள் வீட்டிலும் இது இருக்கிறது என்கிறார்."

அன்று இரவு தஷ்மிஜாபி. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் பாலாடைக்கட்டியைக் கலந்து, கரண்டியைத் தூக்கினால் நூலாக நீளும் வரை கிண்டியது. கறி சாப்பிடுகிறவர்களுக்குக் குப்தாரி உண்டு. இறைச்சித் துண்டுகளை அதே உப்பு போட்டு மாவுக்குள் வைத்துச் சுட்ட ரொட்டி. சைவக்காரர்களும் பயப்பட வேண்டாம்: பீன்ஸ் விதைக் குழம்பான லோபியோ, பாலாடைக்கட்டி ரொட்டியான ஹச்சாபுரி, தக்காளி வெள்ளரிக்காய், தயிர், தேன் என்று மேசை நிறையும். சாச்சா என்ற திராட்சைச் சாராயமும் வரும். வேண்டாதவர்கள் முதல் குவளையிலேயே மார்பில் கை வைத்து மறுத்துவிடுங்கள். ஒன்று குடித்துவிட்டு இரண்டாவதை மறுப்பது கஷ்டம்.

இரண்டாம் நாள் பாதை பனிச்சறுக்கு நிலையத்தின் கம்பித் தூண்களுக்கு நடுவே ஏறுகிறது. அழகான பகுதி என்று சொல்ல மாட்டேன். அதைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால் அடிஷி.

அடிஷி 2,040 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. 1987-ல் ஸ்வானெட்டியில் பெரிய பனிச்சரிவுகள் வந்தன. பல உயிர்கள் போயின, ஏராளமான குடும்பங்கள் சமவெளிக்குக் குடிபெயர்க்கப்பட்டன. அடிஷியும் ஏறக்குறைய காலியாகிப்போனது. பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இன்று அங்கே குடும்பங்கள் நிற்பதற்கு இந்தப் பாதையில் நடந்து வருகிறவர்கள் ஒரு முக்கியக் காரணம். படுக்கை, சாப்பாடு, குதிரை, மூன்றும்தான் கோடை வருமானம். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சுவடிக்குப் பெயர் தந்த ஊர், நடந்து வருகிறவர்களின் இரவு வாடகையில் பிழைக்கிறது. அதைப் பார்த்த பிறகு என்னால் அந்த ஊரை வெறும் இடைத்தங்கலாக நினைக்க முடியவில்லை.

குதிரை எதற்கு என்பதுதான் இந்தப் பாதையின் மையம்.

அடிஷியிலிருந்து மூன்றாம் நாள் காலை ஆற்றோரமாகச் சில கிலோமீட்டர் நடந்தால் பாதை ஆற்றுக்குள் இறங்கி அக்கரையில் ஏறுகிறது. பாலம் இல்லை. அடிஷி பனியாற்றிலிருந்து, அதாவது மலைச்சரிவில் மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிப்பாளத்திலிருந்து, நேரே வரும் தண்ணீர். இது எங்கள் ஊர் காட்டாறு மாதிரி மழை பெய்தால் மட்டும் பெருகுவதல்ல, தினமும் பெருகும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். உருகின நீர் இங்கே வந்து சேர நேரமாகும். அதனால் பிற்பகலிலும் மாலையிலும் ஆறு மிகவும் உயர்ந்திருக்கும். இரவில் குளிர் இறுகினால் உருகுவது குறைந்து, விடிகாலையில் தணிந்திருக்கும். இரவில் மழை பெய்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது. அதனால்தான் காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். குதிரைக்காரர்களும் காலையில்தான் அங்கே காத்திருப்பார்கள்.

முந்தின இரவே வீட்டுக்காரரிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வெளியே போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து தன் தொடையின் பாதியில் கை வைத்துக் காட்டினார். அப்புறம் கடிகாரத்தில் எட்டைத் தொட்டார். எவ்வளவு ஆழம், எத்தனை மணிக்கு. எனக்குத் தேவையானது அவ்வளவுதான்.

எட்டு மணிக்கு ஆற்றங்கரையில் நின்றபோது பனியாற்றின் குளிர் காற்றாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் சாம்பல் நிறம். பனி அரைத்த பாறைமாவு கலந்திருப்பதால் அடி தெரியாது. பார்ப்பதற்கு அகலமில்லாத ஆறுதான். ஆனால் காது கொடுத்தால், நீரின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது: கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் மழுங்கிய ஒலி. காலை வாரும் கல் எது என்று கண்ணுக்குத் தெரியாத ஆற்றில், தொடையளவு நீரில், தனியாக ஒருவர் இறங்கக் கூடாது. சிலர் ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தோளோடு தோள் பிணைத்து, இரண்டு மூன்று பேராக மேற்பக்கம் சாய்ந்தபடி கடந்தார்கள். அது கூட்டத்துக்கான முறை. தனியாளுக்குக் குதிரை.

குதிரைக்காரர் இளைஞர். பணத்தைப் பேசி முடித்ததும் என் பையின் மார்புப் பட்டையையும் இடுப்புப் பட்டையையும் காட்டிக் கழற்றச் சொன்னார். தண்ணீரில் விழுந்தால் பையை உடனே உதற முடிய வேண்டும், இல்லையென்றால் அது ஆளையே இழுத்துக்கொண்டு போகும். நான் கழற்றினேன். அவருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். குதிரை நேராகக் குறுக்கே போகவில்லை. மார்பை நீரோட்டத்துக்குக் கொடுத்துச் சாய்வாக ஏறியது. ஒவ்வோர் அடிக்கும் குளம்பால் தடவிப் பார்த்து, கல் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் எடையை வைத்தது. நடு ஆற்றில் ஒருமுறை வைத்த காலை எடுத்து வேறிடத்தில் வைத்தது. அதன் வயிற்றுத் தோல் என் காலடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் ஷூவை மேலே இழுத்துக்கொண்டு, குதிரைக்காரரின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தேன். மொத்தமே ஓரிரு நிமிடம். அக்கரையில் இறங்கியதும் குதிரையின் கழுத்தில் கை வைத்து நின்றேன். வேறு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

குதிரை ஏறுவது தோல்வி என்று நினைக்கும் நடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். சொந்தக் காலால் மட்டும்தான் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதம். எனக்கு அது புரிவதில்லை. தனியாக நடப்பவர்தான் மற்றவர்களை அதிகம் நம்பி நடக்கிறார். வானத்தைப் பார்த்துத் தொடையில் கை வைத்தவர், ஆற்றை அறிந்த குதிரை, அடுத்த ஊருக்குப் போன் போட்டு "ஒரு இந்தியப் பெண் வருகிறாள்" என்று சொல்லிவைத்த வீட்டுக்கார அம்மா. இவர்கள் இல்லாமல் என் நடை இல்லை. நான்கு பேராகப் போயிருந்தால் இவர்களை இந்த அளவுக்குத் தேடியிருக்க மாட்டேன்.

ஆற்றைக் கடந்ததும் பாதை 2,700 மீட்டரை ஒட்டிய சுண்டேரி கணவாய்க்குச் செங்குத்தாக ஏறுகிறது. பருவம் வாய்த்தால் சரிவெல்லாம் வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்த காக்கசஸ் ரோடோடென்ட்ரான் புதர். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசின் இனம்தான். அங்கே மரம், இங்கே முழங்கால் உயரப் புதர். ஏறும் வழியெல்லாம் இடப்பக்கம் அடிஷி பனியாறு, மேலிருந்து கீழே வெடித்து விழும் நீலப் பனிப்பாளங்களாகத் தொங்குகிறது. காக்கசஸின் மற்றப் பனியாறுகளைப்போல் இதுவும் சுருங்கிக்கொண்டே போகிறது. அதன் அடிவாயில் பனி இல்லாத வெற்றுப் பாறை வெளுத்துக் கிடப்பதைப் பார்க்க வேதனையாக இருந்தது.

கணவாயில் அதிக நேரம் உட்கார வேண்டாம். கோடையில் மதியத்துக்கு மேல் மேகம் கூடும். இடி கேட்கும்போது திறந்த முகட்டில் இருக்கக் கூடாது. இறங்கும் வழியில் ஹால்டே வரும். 1876-ல் ரஷ்யப் பேரரசின் படை, எதிர்த்து எழுந்த அந்த ஊரைத் தகர்த்தது. சிதைந்த சுவர்கள் இன்னும் புல்லுக்குள் கிடக்கின்றன.

நாய்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊர் நாய்கள் சாதுவானவை, கூடவே வரும். கிடை நாய்கள் வேறு. ஆட்டைக் காப்பதுதான் அவற்றின் வேலை. மந்தையைப் பார்த்தால் நன்றாக விலகிச் சுற்றிப் போங்கள். ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், மேய்ப்பரைக் கூப்பிடுங்கள். அவர் ஒரு விசில் அடித்தால் போதும்.

நேபாளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து அன்னபூர்ணா போன்ற மலைப்பாதைகளில் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் நடக்கக் கூடாது என்று விதி வந்தது. தனியாகப் போய்க் காணாமல்போனவர்களைத் தேடிய அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். பனியாற்றின் மேல் நடப்பது, நாள்கணக்கில் ஊரே வராத பாதை, இவற்றுக்கெல்லாம் நானும் தனியாகப் போவதில்லை. ஸ்வானெட்டியில் தனியாக நடக்க முடிவது அங்கே ஊர்கள் இன்னும் உயிரோடு இருப்பதால்.

இப்ராலியிலிருந்து உஷ்குலிக்கு நாலாம் நாள் நடை குறைவு. உஷ்குலி சிறு சிறு கிராமங்களின் தொகுதி. 2,100 மீட்டர் உயரம், ஐரோப்பாவில் வருடம் முழுக்க மக்கள் வாழும் மிக உயரமான ஊர்களில் ஒன்று. அதில் சஜாஷி கிராமத்தை யுனெஸ்கோ 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பின்னால் ஜார்ஜியாவின் உயர்ந்த சிகரமான ஷ்காரா சுவர்போல் நிற்கிறது. மெஸ்டியாவிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் பிற்பகலிலேயே திரும்பிவிடுவார்கள். நடந்து வந்தவர்கள் அவசரப்படாமல் அங்கே ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் ஷ்காரா பனியாற்றின் அடிவாய் வரை போய் வரலாம். ஏறக்குறைய சமதரைதான், போக வர ஒரு பகல் ஆகும்.

போக ஏற்ற காலம் ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை. அதற்கு முன் கணவாயில் பனி கிடக்கும். நடுவில் சலித்துப்போய் ஜபேஷியோடு வண்டி பிடித்து உஷ்குலிக்குப் போய்விடலாம் என்று தோன்றினாலும், அடிஷியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஓர் இரவு தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் குதிரையில் ஆற்றைக் கடந்து போங்கள். உஷ்குலியிலிருந்து மெஸ்டியாவுக்குத் திரும்ப வண்டி கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். தங்கும் வீட்டில் முந்தின இரவே சொல்லிவைத்தால் அவர்களே யாருக்காவது போன் போட்டு ஓர் இடம் பிடித்துத் தருவார்கள்.